விட்டுக்கொடுத்தவர் என்ற பழி

பிரேயா விகார் கோயிலை முன்வைத்துச் சில எண்ணங்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கிச் செப்பம்செய்த வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘அண்டை நாட்டுப் பகையும் உள்நாட்டு அரசியலும்’. அழைப்பிதழில் இதைப் படித்ததும் உங்களில் பாதிப் பேர் பாகிஸ்தானையும் மீதிப் பேர் கச்சத்தீவையும் நினைத்திருப்பீர்கள். இரண்டையும் விட்டுவிடப் போகிறேன். அவற்றைப் பற்றி நம் ஒவ்வொருவர் மனத்திலும் ஏற்கெனவே ஒரு தீர்ப்பு இருக்கிறது. நான் எதைச் சொன்னாலும் அது அந்தத் தீர்ப்புக்குச் சாதகமா, பாதகமா என்றுதான் காதில் விழும். நாம் எந்தப் பக்கமும் சாய வேண்டாத ஒரு பகை இருந்தால் நல்லது. தாய்லாந்தும் கம்போடியாவும் ஒரு சிவன் கோயிலுக்காகப் போட்டுக்கொள்ளும் சண்டை அதற்கு வாகானது.

சிவன் கோயில் என்றதும் முன்வரிசையில் சிலர் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. கோயிலைப் பற்றியே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டாங்ரெக் மலைத்தொடரின் விளிம்பில், கம்போடியச் சமவெளியிலிருந்து 500 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் பாறையின் உச்சியில் இருக்கிறது பிரேயா விகார். இறைவன் பெயர் சிகரேஸ்வரர். 11ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், முதலாம் சூரியவர்மன் காலத்தில் உருப்பெற்றது. வாயில்களும் படிகளும் நடைபாதைகளுமாக ஏறத்தாழ 800 மீட்டர் நீளத்துக்கு மேலேறிக்கொண்டே போகிறது. கம்போடியாவின் கெமர் எழுத்து பல்லவ எழுத்தின் வழிவந்தது என்பதால் கோயில் கல்வெட்டுகளின் படங்களைப் பார்க்கிற தமிழருக்கு ஏதோ தெரிந்த முகம் மாதிரி இருக்கும். நம் கதைக்கு முக்கியமான விஷயம் வேறு. கோயில் வடக்கு பார்த்தது. தாய்லாந்துப் பக்கத்திலிருந்து சரிவில் நடந்தே ஏறிவிடலாம். கம்போடியப் பக்கம் செங்குத்துப் பாறை. ஒரு நாட்டுக்குச் சொந்தம், இன்னொரு நாட்டிலிருந்துதான் சுலபமான வழி.

இனி நான் சொல்ல வந்தது. ஆட்சியில் இருப்பவர்கள் மக்களின் கவனத்தைத் திருப்ப அண்டை நாட்டோடு சண்டை மூட்டுகிறார்கள் என்பது நாம் எல்லோரும் சொல்லும் விளக்கம். அரசியல் அறிவியலிலும் அதற்குத் தனி இலக்கியமே உண்டு. அப்படி நடப்பதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் எல்லைப் பகை பல தலைமுறை நீடிப்பதற்கு அது போதுமான காரணமாகாது. ஆள்வோரை வீழ்த்த நினைப்பவர்களின் கையில் அந்தப் பகை மலிவான ஆயுதமாக இருக்கிறது. சமாதானம் பேசப் போகிறவர் பக்கத்து நாட்டைவிடத் தன் முதுகுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கே அதிகம் பயப்பட வேண்டியிருக்கிறது. இதுதான் என் வாதம். தாய்லாந்தைப் பொறுத்தவரை இதற்கு அடித்தளம் போட்டவர் அந்நாட்டு ஆய்வாளர் புவாங்தோங் பவகபன். பிரேயா விகார் போராட்டத்தைப் பற்றிய அவருடைய நூலுக்கு நான் கடன்பட்டவன்.

1. தீர்ப்பு வந்தும் தீராத வழக்கு

1904 பிப்ரவரியில், கம்போடியாவை ஆண்ட பிரான்சும் சயாமும் (இன்றைய தாய்லாந்து) ஓர் உடன்படிக்கை செய்தன. டாங்ரெக் மலையில் நீர்பிரி முகடுதான் எல்லை என்றது அது. முகட்டைப் பின்பற்றினால் கோயில் சயாமுக்கு வரும் என்பது பின்னாளில் தாய்லாந்து சொன்ன வாதம். ஆனால் 1907இல் பிரெஞ்சு அதிகாரிகள் வரைந்த படத்தில் கோடு கோயிலுக்கு வடக்கே போனது. படத்தை வரைந்து தரும்படி கேட்டதே சயாம் அரசுதான். கைக்கு வந்த படத்துக்கு நன்றி சொல்லி, இன்னும் 15 பிரதிகள் வேண்டும் என்று கேட்டவர் உள்துறை அமைச்சர் இளவரசர் தம்ரோங். அவரே 1930இல் கோயிலைப் பார்க்கப் போனார். பிரெஞ்சுக் கொடி பறக்க, பிரெஞ்சு அதிகாரி ஒருவர் அவரை வரவேற்றார். சயாம் ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை.

இந்த மௌனம்தான் பிறகு வழக்கைத் தீர்மானித்தது. பிரெஞ்சுக்காரர்கள் வெளியேறிய பின் 1954இல் தாய்லாந்துப் படை கோயிலில் போய் உட்கார்ந்தது. சிஹானூக் ஆண்ட கம்போடியா 1959இல் தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் டீன் அச்சிசன் கம்போடியாவுக்காக வாதாடினார். முன்னாள் பிரதமர் சேனி பிரமோஜ் தாய்லாந்துக்காக. 1962 ஜூன் 15 அன்று 9-க்கு 3 என்ற வாக்கில் கோயில் கம்போடியாவுக்கு என்று தீர்ப்பானது. அரை நூற்றாண்டு அந்தப் படத்தை ஏற்று நடந்துகொண்டுவிட்டு இப்போது தவறான படம் என்று சொல்ல முடியாது என்பது சாரம்.

அப்போது தாய்லாந்தை ஆண்டவர் ஃபீல்ட் மார்ஷல் சரித் தனரத். நாடாளுமன்றம் இல்லை, கட்சிகள் இல்லை, எதிர்த்துப் பேச ஆள் இல்லை. அதனால் அவரால் தீர்ப்புக்குக் கட்டுப்பட முடிந்தது. வழக்குச் செலவுக்கு ஆளுக்கு ஒரு பாத் கொடுத்திருந்த மக்களிடம் அவர் என்ன சொன்னார் என்பதுதான் விஷயம். இது அநியாயத் தீர்ப்பு, உலக ஒழுங்கை மதித்து இன்று பணிகிறோம், ஒருநாள் மீட்போம் என்று கண்கலங்க அறிவித்தார். கோயிலில் பறந்த தாய்லாந்துக் கொடியை இறக்கவில்லை. கொடிமரத்தை அப்படியே பெயர்த்து, கொடி பறக்கப் பறக்கத் தூக்கிக்கொண்டு எதிர்ப் பாறைக்குப் போனார்கள்.

நிலத்தைக் கொடுத்துவிட்டு, பறிகொடுத்த துயரத்தை மட்டும் வைத்துக்கொண்டார் சரித். இழந்த நிலங்களைக் காட்டும் படங்கள் தாய்லாந்துப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகத் தொங்கின. அவை எப்படிப்பட்ட வரலாற்றை உண்டாக்கின என்று தாய்லாந்து வரலாற்றாசிரியர் தோங்சாய் வினிச்சகுல் விரிவாகவே எழுதியிருக்கிறார். சிஹானூக்கோ 1963 ஜனவரியில் பாறைமேல் ஏறி விழா எடுத்தபோது, தாய்லாந்துக்காரர்கள் விசா இல்லாமலே கோயிலுக்கு வரலாம் என்று அறிவித்தார். வென்றவர் தாராளமாக இருக்க முடிந்தது.

அதன்பின் நீண்ட காலம் கோயில் செய்தியில் இல்லை. வேறு கொடுமைகள் இருந்தன. 1979 ஜூனில், கெமர் ரூஜ் ஆட்சி விழுந்தபின் எல்லை தாண்டி வந்த 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்போடிய அகதிகளைத் தாய்லாந்து ராணுவம் பேருந்துகளில் ஏற்றி, இதே பாறையிலிருந்து கண்ணிவெடிகள் புதைந்த சரிவில் கீழே விரட்டியது. அந்த இடத்தைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. கோயிலுக்காகக் கொடி பிடித்தவர்கள் யாரும் இதை நினைவுபடுத்துவதில்லை.

2. 2008: இலக்கு பாங்காக்கில் இருந்தது

கம்போடியா கோயிலை யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்க விண்ணப்பித்திருந்தது. 2008இல் தாய்லாந்தில் பிரதமர் சமக் சுந்தரவேஜ். 2006இல் ராணுவம் கவிழ்த்த தக்‌ஷின் சினவத்ராவின் ஆதரவாளர்கள் அமைத்த அரசு அது. வெளியுறவு அமைச்சர் நோப்பதோன் பட்டமா, தக்‌ஷினின் வழக்கறிஞராக இருந்தவர். அவர் ஜூன் 18 அன்று ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார். பட்டியலில் கோயில் மட்டும் சேரட்டும், சுற்றியுள்ள தகராறான 4.6 சதுர கிலோமீட்டர் இதில் வராது என்பது அதன் உள்ளடக்கம். ராஜதந்திரக் கணக்கில் தாய்லாந்துக்கு இது நஷ்டமே இல்லை. 1962இல் போனது போனதுதான். மீதி நிலத்தைப் பற்றிய உரிமை அப்படியே இருந்தது.

ஆனால் மே மாத இறுதியிலிருந்தே மஞ்சள் சட்டையினர், அதாவது மக்கள் ஜனநாயகக் கூட்டணி, தெருவில் இருந்தார்கள். அவர்களுடைய கோரிக்கை தக்‌ஷினின் நிழலாட்சி ஒழிய வேண்டும் என்பது. அரசமைப்புத் திருத்தம், வழக்குகள், ஊழல் என்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்குக் கூட்டறிக்கை வரப்பிரசாதமாக வந்து சேர்ந்தது. தாய்நாட்டு நிலத்தை விற்றுவிட்டார்கள், பதிலுக்குத் தக்‌ஷினுக்குக் கம்போடியாவில் தொழில் சலுகை என்று மேடையில் முழங்கினார்கள். இதற்கு ஆதாரம் கேட்பவர் துரோகியின் கூட்டாளி ஆகிவிடுவார் என்பதுதான் இந்தக் குற்றச்சாட்டின் வசதி.

அதன்பின் நடந்தவை மளமளவென்று நடந்தன. ஜூன் இறுதியில் நிர்வாக நீதிமன்றத் தடை. ஜூலை 7 அன்று கனடாவின் கியூபெக் நகரில் யுனெஸ்கோ குழு கோயிலைப் பட்டியலில் சேர்த்தது. மறுநாளே தாய்லாந்து அரசமைப்பு நீதிமன்றம் கூட்டறிக்கை ஓர் உடன்படிக்கைக்குச் சமம், நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாததால் சட்டவிரோதம் என்றது. ஜூலை 10 அன்று நோப்பதோன் பதவி விலகினார். ஜூலை 15 அன்று மூன்று தாய்லாந்துக்காரர்கள் கொடி நாட்ட எல்லை தாண்டிப் பிடிபட்டார்கள். அவர்களைத் தொடர்ந்து படை வந்தது. அக்டோபரில் துப்பாக்கிச் சூடு. இடையில் செப்டம்பரில் சமக்கும் பதவி இழந்தார். காரணம், பிரதமராக இருந்துகொண்டே தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி நடத்திச் சம்பளம் வாங்கியது. நம் ஊர் அரசியல்தான் விசித்திரம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

இந்த வரிசையில் கம்போடியா எங்கே என்று பாருங்கள். அது செய்தது ஒரு விண்ணப்பம், அதுவும் தாய்லாந்து அரசின் சம்மதத்தோடு. அடியெல்லாம் பாங்காக்கிலிருந்து பாங்காக்குக்கே விழுந்தது. நமக்கும் இது புதிதில்லை. 2024 மக்களவைத் தேர்தலுக்கு மூன்று வாரம் முன்பு 1974ஆம் ஆண்டு கச்சத்தீவு ஒப்பந்தம் தில்லியிலிருந்து திடீரென்று எழுப்பப்பட்டபோது குறி கொழும்பு இல்லை, காங்கிரசும் திமுகவும்தான். அதில் யார் பக்கம் நியாயம் என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. எந்தத் திசையை நோக்கிப் பேசப்பட்டது என்பதை மட்டும் கவனியுங்கள்.

மஞ்சள் சட்டையினர் வென்றார்கள். 2008 டிசம்பரில் அவர்களுக்கு உகந்த அபிசித் வெஜ்ஜாஜிவா பிரதமரானார். அவர்களுடைய மேடையில் கம்போடியப் பிரதமர் ஹுன் சென்னைக் கடுமையாக ஏசிய கசித் பிரோம்யா வெளியுறவு அமைச்சரானார். எதிரி வீழ்ந்துவிட்டதால் ஆயுதம் உறைக்குள் போயிருக்க வேண்டும். போகவில்லை. 2010 டிசம்பர் இறுதியில், ஆளும் ஜனநாயகக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் பனிச் விகித்சிரேத்தும் இன்னும் ஆறு பேரும் எல்லை தாண்டியதற்காகக் கம்போடியாவில் கைதானார்கள். உடனே மஞ்சள் சட்டையினர் அபிசித்துக்கு எதிராகவே பாங்காக்கில் கூடாரம் அடித்தார்கள். முந்தைய அரசைச் சொன்ன அதே வார்த்தைகளை இந்த அரசையும் சொன்னார்கள். 2011 பிப்ரவரியில் கோயிலைச் சுற்றி நான்கு நாள் பீரங்கிச் சண்டை. ஏப்ரலில் மேற்கே தா மோன், தா கிராபே கோயில்களருகே மறுபடியும். ஜூலை 3 தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தாய்லாந்து அமைச்சர் ஒருவர் யுனெஸ்கோ உலக மரபுரிமை உடன்படிக்கையிலிருந்தே விலகுவதாக அறிவித்து வெளிநடப்புச் செய்தார்.

அபிசித் சண்டையை விரும்பினாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னைவிடத் தீவிரமாகப் பேசுகிற பழைய நண்பர்கள் முன்னால் மென்மையாகத் தெரியக்கூடாது என்பதே அவருடைய கவலையாக இருந்திருக்கும். அந்தக் கவலை ஒரு நாட்டின் எல்லைக் கொள்கையாகவே ஆகிவிட்டது.

அந்தத் தேர்தலில் தக்ஷினின் தங்கை யிங்லக் சினவத்ரா வென்றதும் எல்லை அடங்கியது. 2013 நவம்பர் 11 அன்று சர்வதேச நீதிமன்றம் பழைய தீர்ப்புக்கு விளக்கம் தந்து, கோயில் நிற்கும் மலைமுனை முழுவதும் கம்போடியாவுக்கே என்று ஒருமனதாகச் சொன்னது. 2008இன் கணக்கில் பார்த்தால் பாங்காக் பற்றி எரிந்திருக்க வேண்டும். அந்த வாரம் பாங்காக் பற்றி எரியத்தான் செய்தது, ஆனால் தக்‌ஷின் நாடு திரும்ப வழிசெய்யும் என்று கருதப்பட்ட பொது மன்னிப்பு மசோதாவுக்காக. அரசைத் தாக்க அதைவிடக் கூர்மையான ஆயுதம் கையில் இருந்ததால் கோயிலை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்குமா என்று தெரியவில்லை.

3. ஹுன் சென்னின் இரண்டு எல்லைகள்

கம்போடியப் பக்கத்தைப் பார்ப்போம். 1979 ஜனவரியில் வியட்நாம் படை கெமர் ரூஜ் தலைவர் போல் பாட்டை விரட்டிவிட்டு அமைத்த அரசில் வெளியுறவு அமைச்சராக வந்தவர் ஹுன் சென்; 1985இல் பிரதமரானார். வியட்நாமின் கைப்பாவை என்ற ஏச்சு அன்றிலிருந்து அவரைத் தொடர்கிறது. கிழக்கு எல்லையை வியட்நாமுக்கு விட்டுக்கொடுத்தார் என்பது அவருடைய எதிரிகளின் நிரந்தரக் குற்றச்சாட்டு. 2009 அக்டோபரில் எதிர்க்கட்சித் தலைவர் சாம் ரெயின்சி ஸ்வாய் ரியெங் மாகாணத்தில் எல்லைக் கம்புகளைப் பிடுங்கினார். அதற்காக அவருக்கு இரண்டாண்டு தண்டனை விதிக்கப்பட்டது. பாங்காக்கில் மஞ்சள் சட்டையினர் எதைச் செய்தார்களோ அதையேதான் புனோம் பென்னில் எதிர்க்கட்சி செய்தது, எதிர்த்திசை எல்லையில்.

ஆக, கிழக்கு எல்லையில் ஹுன் சென் குற்றம் சாட்டப்பட்டவர். மேற்கு எல்லையில்தான் அவரால் காவலராக நிற்க முடியும். 2003 ஜனவரியில், ஆங்கோர் வாட் தாய்லாந்துக்குச் சொந்தம் என்று ஒரு தாய்லாந்து நடிகை சொன்னதாகப் பரவிய வதந்தியைப் பிரதமரே பொதுமேடையில் எடுத்துப் பேசினார். நடிகை மறுத்தார். ஜனவரி 29 அன்று புனோம் பென்னில் தாய்லாந்துத் தூதரகம் எரிக்கப்பட்டது. தாய்லாந்து ராணுவ விமானங்களை அனுப்பித் தன் மக்களை மீட்டுக்கொண்டது. ஜூலையில் கம்போடியாவில் தேர்தல். 2008 ஜூலையிலும் தேர்தல்தான். யுனெஸ்கோ வெற்றிக்குப் பின் மூன்று வாரத்தில் அவருடைய கட்சி 123 இடங்களில் 90ஐப் பிடித்தது. அந்த வெற்றிக்குக் கோயில் மட்டுமே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. இடைஞ்சலாக இருக்கவில்லை என்று சொல்லலாம்.

இங்கே ஒரு மறுப்பு வரும். 2017 நவம்பரில் எதிர்க்கட்சியை நீதிமன்றம் கலைத்தது. 2018இல் ஆளுங்கட்சி 125 இடங்களையும் வென்றது. எதிரியே இல்லாத ஹுன் சென் யாருக்குப் பயப்பட வேண்டும்? 2023 ஆகஸ்டில் மகன் ஹுன் மானெட்டைப் பிரதமராக்கிவிட்டு, இப்போது செனட் தலைவராகத் தொடர்கிறார். கம்போடியாவைப் பொறுத்தவரை என் வாதம் பாதிதான் பொருந்துகிறது என்று ஒப்புக்கொள்வதில் தயக்கமில்லை. இளைய வாரிசுக்குப் போர்க்காலத் தலைவர் என்ற பெயர் தேவைப்பட்டது. 2025இல் தாய்லாந்தோடு நடந்த சண்டையையொட்டிக் கட்டாய ராணுவச் சேவை அறிவிப்பும், குடியுரிமையைப் பறிக்க இடம்தரும் அரசமைப்புத் திருத்தமும் வந்தன. இங்கே கவனத்தைத் திருப்பும் பழைய விளக்கமே எடுபடும். ஆனால் 2024ஐ மறக்க வேண்டாம். வியட்நாம், லாவோஸ் இரண்டோடும் சேர்ந்த வளர்ச்சி முக்கோணத் திட்டத்தில் நிலம் பறிபோகிறது என்று வெளிநாடுவாழ் கம்போடியர்கள் கிளப்பிய கூச்சலுக்கு, எதிர்க்கட்சியே இல்லாத அந்த அரசு பலரைக் கைதுசெய்துவிட்டு, கடைசியில் திட்டத்திலிருந்தே விலகியது. கட்சியைக் கலைக்கலாம், குற்றச்சாட்டைக் கலைக்க முடியவில்லை.

4. தலைவர்களின் நட்பு உதவுமா?

தலைவர்களுக்குள் நல்ல உறவு இருந்தால் பகை தணியும் என்று பத்திரிகைத் தலையங்கங்கள் எழுதும். சினவத்ரா குடும்பமும் ஹுன் குடும்பமும் பல ஆண்டுகள் நெருக்கமாக இருந்தன. விளைவைப் பாருங்கள். 2009 நவம்பரில், தண்டனைக்குத் தப்பி வெளிநாட்டில் இருந்த தக்‌ஷினைத் தன் அரசின் பொருளாதார ஆலோசகராக ஹுன் சென் நியமித்தார். பாங்காக் தூதரைத் திரும்ப அழைத்தது, புனோம் பென்னும் அழைத்தது. ஓர் அண்டை நாட்டுத் தலைவர் நம் உள்நாட்டுச் சண்டையில் ஒரு கட்சிக்கு நண்பராகிவிட்டால், மறுகட்சிக்கு அந்த நாடே எதிரியாகிவிடுகிறது.

2025 இதன் உச்சம். மே 28 அன்று எல்லையில் நடந்த மோதலில் கம்போடிய வீரர் ஒருவர் இறந்தார். தக்‌ஷினின் மகள் பேதோங்தார்ன் அப்போது பிரதமர். ஜூன் 15 அன்று ஹுன் சென்னோடு தொலைபேசியில் பேசினார். அவரை ‘அங்கிள்’ என்று அழைத்தார். எல்லையைக் கவனிக்கும் தம் ராணுவத் தளபதி எதிர்த்தரப்பைச் சேர்ந்தவர் என்ற தொனியில் குறிப்பிட்டார். 17 நிமிட உரையாடல். மூன்றாம் நாள் அது கசிந்தது. பிறகு முழுப் பதிவையும் ஹுன் சென்னே வெளியிட்டார். அன்றே கூட்டணியின் இரண்டாவது பெரிய கட்சியான பூம்ஜாய்தாய் விலகியது. ஜூலை 1 அன்று அரசமைப்பு நீதிமன்றம் பிரதமரை இடைநீக்கம் செய்தது, ஆகஸ்ட் 29 அன்று பதவியைப் பறித்தது.

அந்த உரையாடலில் பேதோங்தார்ன் செய்ய முயன்றது என்ன? பதற்றத்தைத் தணிக்க. ராஜதந்திரத்தில் நாள்தோறும் நடக்கும் வேலை அது. உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது, என் சிரமத்தை நீங்கள் புரிந்துகொள்ளுங்கள் என்று இரண்டு தலைவர்கள் பேசிக்கொள்வது இல்லாமல் எந்தச் சமரசமும் இல்லை. 1988இல் அரசியல் அறிஞர் ராபர்ட் புட்னம் இதை இரண்டு மட்டத்தில் நடக்கும் ஆட்டம் என்று விவரித்தார். ஒரே தலைவர் வெளிநாட்டோடும் தன் நாட்டுக்குள்ளும் ஒரே நேரத்தில் காய் நகர்த்துகிறார். புட்னம் கணக்கில், எதிரே இருப்பவர் தன் எதிராளியின் உள்நாட்டு நெருக்கடியை அறிந்து அதற்கேற்ப விட்டுக்கொடுக்கவும் கூடும், இறுக்கவும் கூடும். ஹுன் சென் ஒலிப்பதிவையே எடுத்துப் பலகைமீது வைத்தார். இதன்பின் எந்தத் தாய்லாந்துப் பிரதமர் எந்தக் கம்போடியத் தலைவரோடு தொலைபேசியில் மனம்விட்டுப் பேசுவார்?

ஜூலை 24 அன்று போர் தொடங்கியது. ஒருபக்கம் எஃப்-16 விமானங்கள், மறுபக்கம் ராக்கெட்டுகள். இரு நாடுகளிலும் சேர்த்து சுமார் 3 லட்சம் பேர் வீடு விட்டுப் போனார்கள். ஐந்தாம் நாள் மலேசியாவின் புத்ராஜெயாவில் போர்நிறுத்தம். அது டிசம்பரில் உடைந்தது. சண்டைக்கு நடுவே, டிசம்பர் 12 அன்று, புதிய பிரதமர் அனுட்டின் சான்விரகுல் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். இவர்தான் ஜூனில் கூட்டணியை விட்டு விலகிய பூம்ஜாய்தாய் கட்சியின் தலைவர்.

5. எல்லையில் குடியிருப்பவர்கள்

எல்லையில் குடியிருப்பவர்களைப் பற்றி அதிகம் பேச நேரமில்லை, ஒரு நிகழ்ச்சி மட்டும். 2009 செப்டம்பரில் பாங்காக்கிலிருந்து மஞ்சள் சட்டையினர் கோயில் அருகே போராட வந்தபோது அவர்களைத் தடியோடு மறித்தவர்கள் கம்போடியர்கள் இல்லை, சிசாகெத் மாகாணத்தின் கந்தரலக் பகுதித் தாய்லாந்துக் கிராமத்தார். இரு பக்கமும் காயம்பட்டது. கோயிலுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளையும் எல்லைச் சந்தையையும் நம்பிப் பிழைத்தவர்கள் அவர்கள். குண்டு விழுந்தால் பதுங்குகுழிக்குள் போக வேண்டியவர்களும் அவர்களே. தேசப்பற்றின் சூடு எல்லையிலிருந்து தள்ளிப்போகப் போக ஏறுவதை வேறு நாடுகளிலும் பார்க்கலாம்.

6. ஒரு மாற்று வழி: பீகிள் கால்வாய்

அப்படியானால் விட்டுக்கொடுக்கவே முடியாதா? உலகத்தின் தென்கோடிக்குப் போவோம். அர்ஜென்டினாவும் சிலேயும் பீகிள் கால்வாயின் வாயிலில் இருக்கும் மூன்று தீவுகளுக்காகச் சண்டையிட்டன. பிக்டன், லெனாக்ஸ், நுவேவா. 1977 மே மாதம் நடுவர் மன்றம் மூன்றும் சிலேக்கு என்றது. 1978 ஜனவரியில் அர்ஜென்டினா அந்தத் தீர்ப்பு செல்லாது என்று அறிவித்தது. இரண்டு பக்கமும் ராணுவ ஆட்சி. அதிலும் அர்ஜென்டினாவில் ஆட்சி ஒருவர் கையில் இல்லை. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் பங்கு போட்டிருந்தன. அதிபர் விடேலா தயங்கினால் கடற்படைத் தளபதி மசேரா அவரைவிட உரக்கப் பேசுவார். எதிர்க்கட்சி இல்லாத இடத்தில் படைப்பிரிவுகளே ஒன்றுக்கொன்று எதிர்க்கட்சியாகிவிட்டன. 1978 டிசம்பர் 22 அன்று படையெடுப்புக்குக் கப்பல்கள் கிளம்பிவிட்டிருந்தன. போப் இரண்டாம் ஜான் பால் தூதர் ஒருவரை அனுப்ப முன்வந்ததால் கடைசி நேரத்தில் நின்றது. 1980 டிசம்பரில் போப் தந்த தீர்வைச் சிலே ஏற்றது. அர்ஜென்டினா பதிலே சொல்லவில்லை. ஆம் என்று சொல்லத் துணிந்த தளபதி எவரும் இல்லை.

அதே ராணுவ ஆட்சி 1982 ஏப்ரல் 2 அன்று பிரிட்டனிடமிருந்து மால்வினாஸ் தீவுகளைப் பிடிக்கப் போனது. மூன்று நாள் முன்புதான் பியூனஸ் அயர்ஸில் தொழிற்சங்கங்களின் பெரும் போராட்டம். கவனம் திருப்பும் போருக்குப் பாடநூல் உதாரணமாக இதைச் சொல்வார்கள். திட்டம் அதற்கு முன்பே தயாராகத் தொடங்கிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தோற்றார்கள், ஆட்சி போனது.

1983 டிசம்பரில் பதவியேற்ற ரவூல் அல்ஃபோன்சின் செய்ததுதான் நமக்கு வேண்டியது. தீவுகள் சிலேக்குப் போகும் தீர்வை அவர் ஏற்கத் தயார். ஆனால் செனட்டில் அவர் கட்சிக்குப் பெரும்பான்மை இல்லை. பெரோனியக் கட்சியின் பெரும்பகுதி தாய்மண்ணை விற்கிறார் என்று கிளம்பும் என்பதும் தெரியும். எனவே உடன்படிக்கையை நேரே மக்களிடம் கொண்டுபோனார். கட்டுப்படுத்தாத ஒரு பொது வாக்கெடுப்பு. அதற்கு முன் 1984 நவம்பர் 15 அன்று வெளியுறவு அமைச்சர் தாந்தே கபூதோவும் பெரோனிய செனட்டர் விசென்தே சாதியும் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் விவாதித்தார்கள். வரைபடங்களோடு நிதானமாகப் பேசினார் கபூதோ. வசைபாடப் பழகிய சாதிக்கு வாதம் கைகொடுக்கவில்லை. நவம்பர் 25 அன்று வாக்களித்தவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் சரி என்றார்கள். நான்கு நாளில் வாத்திகனில் கையெழுத்தானது.

1985 மார்ச்சில் செனட்டில் அது நிறைவேறியது 23-க்கு 22 என்று. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தெருவில் ஐந்தில் நான்கு பேர் ஏற்ற உடன்படிக்கை, அரசியல்வாதிகளின் அவையில் ஒரே ஒரு வாக்கில் தப்பித்தது. எதிர்ப்பு மக்களிடம் இருந்ததைவிட, எதிர்ப்பால் லாபம் பார்க்கக் கூடியவர்களிடமே இருந்தது. அந்த லாபத்தை அல்ஃபோன்சின் முன்கூட்டியே வற்றச் செய்துவிட்டார். அவருக்குச் சாதகமான காலமும் அமைந்தது. ஒரு போரில் தோற்ற களைப்பு, ராணுவத்தின் மேல் வெறுப்பு, நடுவராக நின்றவர் அந்தக் கத்தோலிக்க நாட்டில் யாரும் துரோகி என்று சொல்ல முடியாத போப். இவை எல்லா இடத்திலும் கிடைக்காது.

தாய்லாந்தும் வாக்கெடுப்பைப் பற்றிப் பேசியது. கம்போடியாவோடு நில எல்லையை அளப்பதற்காக 2000இலும், கடல் எல்லை உரிமைகளைப் பேசித் தீர்ப்பதற்காக 2001இலும் இரண்டு புரிந்துணர்வு ஒப்பந்தங்களை அது செய்துகொண்டது. இரண்டும் பேச்சுவார்த்தைக்கான வழிமுறைகள் மட்டுமே. ஒரு சாண் நிலத்தையும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. 2025இல் அனுட்டின் அரசு மக்களிடம் கேட்க விரும்பியது, அவற்றை ரத்துசெய்யலாமா என்று. அல்ஃபோன்சின் ஒரு சமரசத்துக்கு ஆதரவு திரட்ட எடுத்த கருவியை, பேசுவதற்கான மேசையையே அகற்றும் பழி தங்கள்மேல் விழாமலிருக்க எடுத்தார்கள். அந்தக் கேள்வி உண்மையில் வாக்குச்சீட்டில் ஏறினால், கபூதோவைப் போல வரைபடத்தை விரித்துவைத்து எதிர்வாதம் பேச பாங்காக்கில் எந்தக் கட்சி முன்வரும் என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒன்றும் கண்ணில் படவில்லை.

 கேள்விகள் இருந்தால் கேளுங்கள்; கச்சத்தீவு பற்றியும் கேட்கலாம்.